ஸ்க்ரூவைத் திருகும் முன் பெட்ரோலைப் பாருங்கள்

பொள்ளாச்சிப் பக்கம் தென்மேற்கு மழை விழுந்து தோப்பில் புல் கிளம்பியதும் பட்டறை நிறைந்துவிடும். பவர் வீடர், புல் வெட்டும் மிஷின் என்று மாசியிலிருந்து ஷெட்டில் கிடந்தவை எல்லாம் வரும். "கார்புரேட்டர் டியூனிங் போயிருச்சு தம்பி" என்பார்கள். பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்புவது கார்புரேட்டர், அந்தக் கலவையைக் கூட்டிக் குறைப்பது அதிலுள்ள ஸ்க்ரூ. கிடந்த மிஷினில் ஸ்க்ரூ தானாகத் திரும்புமா? கெட்டுப்போனது பெட்ரோல்.

போன வாரம் ஒரு தோப்புக்காரர் பவர் வீடர் கொண்டுவந்தார். சோக் போட்டால் ஓடுகிறது, சோக்கைத் திறந்தால் இரண்டு தடவை இருமிவிட்டு நின்றுவிடுகிறது.

"ஸ்க்ரூவில ஏதும் கை வெச்சீங்களாண்ணே?"

"லேசா ஒரு சுத்து... அப்புறம் இன்னொரு சுத்து."

சோக் காற்றை அடைத்து பெட்ரோலைக் கூடுதலாக இழுக்க வைக்கிறது. சோக்கில் மட்டும் ஓடும் இன்ஜினுக்குப் பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம். பெரும்பாலும் ஸ்லோ ஜெட் அடைப்பு, அதாவது குறைந்த வேகத்தில் பெட்ரோல் வரும் சின்னப் பித்தளைத் துளை அடைத்திருக்கும். ரேஸ் தானாக ஏறி இறங்கி ஊசலாடினாலும் முதலில் இதைத்தான் பார்ப்பேன். அதற்காக, இன்ஜின் வேகத்தைக் கட்டுக்குள் வைக்கும் கவர்னரின் ஸ்பிரிங்கை இழுத்துக் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம், இன்ஜின் கட்டுமீறிச் சுற்றினால் கனெக்டிங் ராடு உடைந்து வெளியே வரலாம்.

கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கி நிற்கும் ஃப்ளோட் கிண்ணத்தின் அடி போல்ட்டைக் கழற்றி, வடிந்ததைக் கண்ணாடி டம்ளரில் பிடித்தேன். நடுவில் கோடு கிழித்ததுபோல் இரண்டாகப் பிரிந்து நின்றது. இப்போது பங்க்கில் விற்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அது ஈரத்தை இழுக்கும். தண்ணீர் அளவு மீறினால் எத்தனாலையும் கூட்டிக்கொண்டு அடியில் இறங்கிவிடும். ஜெட் உறிஞ்சுவதும் அந்த அடியிலிருந்துதான். போதாக்குறைக்கு, பெட்ரோல் ஆவியாகிப்போனால் மிஞ்சும் பிசின் ஜெட்டை அடைத்துக்கொள்ளும்.

ஸ்லோ ஜெட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தேன். ஊசிமுனைத் துளை, ஒளி வரவில்லை. கிளீனர் ஸ்பிரே, கொஞ்ச நேரம் ஊறல், பிறகு கம்ப்ரசர் காற்று. ஸ்டீல் கம்பி, ஊக்கு எதையும் விடக்கூடாது. பித்தளைத் துளை அகன்றால் கரும்புகை தள்ளும், பிளக் கரியாகும். அவசரத்துக்கு வயரிலிருந்து ஒற்றைச் செம்பு இழையை நானும் நுழைத்ததுண்டு, மறைக்கவில்லை. இன்னொன்று: ஒரு துளையில் அடித்த ஸ்பிரே மறு துளை வழியாக நேராகக் கண்ணுக்கு வரும். கண்ணாடி போடாமல் ஒருநாள் முழுக்கக் கண்ணெரிச்சலோடு உட்கார்ந்திருந்தேன். ரப்பர் பாகங்களை முதலிலேயே கழற்றி வைத்துவிடுங்கள், ஸ்பிரே பட்டால் ஊதிப்போகும்.

டியூனிங் கடைசியில்தான். மிக்சர் ஸ்க்ரூவை எத்தனை சுற்று என்று எண்ணிக்கொண்டே மெல்ல உள்ளே விட வேண்டும். முட்டியதும் நிறுத்திவிடுங்கள், இறுக்கினால் முனை நசுங்கும். கையேட்டில் போட்டிருக்கும் அளவுக்கு வெளியே எடுத்து, ஐந்து நிமிடம் ஓடிச் சூடான பிறகு, ஐடிலிங் சீராகும் இடத்தில் விட்டுவிடுங்கள்.

டூ ஸ்ட்ரோக் புல் வெட்டும் மிஷினில் இந்தக் கணக்கு உயிர்க்கணக்கு. அதில் ஆயில் போவதே பெட்ரோலோடுதான். புகை வருகிறது என்று, முழு வேகத்துக்கான பெட்ரோல் அளவை வைக்கும் 'எச்' ஸ்க்ரூவை உள்ளே திருகினால் பெட்ரோல் குறையும், கூடவே ஆயிலும் குறையும். ஓட்டம் துள்ளலாக இருக்கும், வேகம் கூடியதுபோல் தெரியும். அப்படிச் சந்தோஷமாக ஓட்டிவிட்டு, கோடு கோடாகக் கீறிய பிஸ்டனோடு வந்தவர்கள் என் பட்டறையில் நிறைய. சுமையில்லாமல் முழு ரேஸில் சத்தம் கொஞ்சம் கொரகொரப்பாக இருந்து, புல்லில் இறங்கியதும் தெளிந்தால் சரி.

வீடர் ஒரே இழுப்பில் பிடித்தது. "சீசன் முடிஞ்சா டேங்க்கைக் காலி பண்ணுங்க. அப்புறம் அதுவா நிக்கிற வரைக்கும் ஓட விட்டுட்டு ஷெட்டில ஏத்துங்க" என்றேன். தலையாட்டிவிட்டு, டெம்போவிலிருந்து ஒரு வெள்ளைக் கேனை இறக்கினார்.

"அதே பெட்ரோல் இதுலயும் மூணு லிட்டர் இருக்கு தம்பி. ஊத்திரலாமா?"

டம்ளரை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.