தாழ்மையைத் தன்னடக்கம் என்று சொல்லலாமா?

இந்தத் தவக்காலத்தில் மட்டும் மூன்று முறை கேட்டுவிட்டேன். தியானம் கொடுக்க வந்த குருவானவர் ஆங்கிலத்தில் ‘ஹியூமிலிட்டி’ என்கிறார். பக்கத்தில் மைக் பிடித்து நிற்கும் மொழிபெயர்ப்பாளர் ‘தன்னடக்கம்’ என்கிறார். மூன்றாவது முறை பெரிய வியாழன் மாலை, பாதம் கழுவும் சடங்குக்குச் சற்று முன்னால். “இயேசு தன்னடக்கத்தோடு சீடர்களின் பாதங்களைக் கழுவினார்.” எனக்கு மனசு கேட்கவில்லை. மேலுடையைக் கழற்றி வைத்துவிட்டு, இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, வேலைக்காரன் செய்கிற வேலையைப் போதகர் செய்கிறார். இதில் எதை அடக்கினார்?

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலச் சொல் லத்தீன் ‘ஹுமிலிட்டாஸ்’ வழி வந்தது. அதன் அடியில் இருப்பது ‘ஹூமுஸ்’, அதாவது மண். புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தில் ‘தபெய்னோஃப்ரொசுனே’. ‘தபெய்னோஸ்’ என்றால் தாழ்ந்தது, மற்றது மனம். ஆக, பிலிப்பியர் 2:3இல் நாம் படிக்கும் ‘மனத்தாழ்மை’ உறுப்புக்கு உறுப்பு சரியான சொல். தமிழில் ‘தாழ்’ என்ற வேரை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பழைய ஓட்டு வீட்டின் தாழ்வாரத்தில் தலை இடித்துக்கொண்டவர்களுக்கு அது தெரியும். கத்தோலிக்க வீடுகளில் ‘தாழ்ச்சி’ என்ற வடிவமும் உண்டு. தலையான புண்ணியங்கள் ஏழில் முதலாவது அதுதான்.

இப்போது தன்னடக்கத்துக்கு வருவோம். முதல் சிக்கல், அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே வேறு வேலை இருக்கிறது. 1995இல் வந்த விவிலியப் பொது மொழிபெயர்ப்பில் கலாத்தியர் 5ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். தூய ஆவியின் கனிகளில் கடைசியாக நிற்பது தன்னடக்கம். புராட்டஸ்டன்ட் சபைகளில் வழங்கும் பழைய மொழிபெயர்ப்பான ‘பழைய திருப்புத’லில் அதே இடத்தில் ‘இச்சையடக்கம்’. அங்கே கிரேக்கச் சொல்லே வேறு. தன் ஆசைகளைத் தன் பிடியில் வைத்திருப்பது என்று பொருள். இரண்டுக்கும் ஒரே தமிழ்ச் சொல்லைப் போட்டால், கேட்பவர் எதை எதோடு சேர்த்துப் புரிந்துகொள்வார்?

வள்ளுவரும் இதில் தெளிவாக இருக்கிறார். அடக்கமுடைமை அதிகாரத்தில்தான் ஆமைபோல் ஐந்தடக்குவதும், ‘யாகாவா ராயினும் நாகாக்க’ என்பதும் வருகின்றன. புலனை அடக்கு, நாக்கை அடக்கு. அதே அதிகாரத்தில் தாழ்ந்து நடப்பதைச் சொல்ல வரும்போது ‘பணிதல்’ என்று வேறு சொல்லைத்தான் எடுக்கிறார்.

இன்னொன்று, இன்றைய வழக்கில் தன்னடக்கம் உயர்ந்தவர்களுக்கே உரிய சொல்லாகிவிட்டது. விருது வாங்கியவர் “எல்லாம் உங்கள் ஆசி” என்றால் தன்னடக்கத்தோடு பேசினார் என்கிறோம். இருக்கிற பெருமையைக் காட்டிக்கொள்ளாமல் இருப்பது அது. அதை லூக்கா 1:48இல் வைத்துப் பாருங்கள். ‘தம் அடிமையின் தாழ்நிலையைக் கண்ணோக்கினார்’ என்று மரியா பாடுகிறார். அங்கே ‘தன்னடக்கத்தைக் கண்ணோக்கினார்’ என்று போட்டால், நாசரேத்து ஏழைப் பெண் தன் நற்குணத்தைத் தானே மெச்சிக்கொள்வதாக ஆகிவிடும். பாட்டே கெட்டுவிடும்.

‘பணிவு’ இவ்வளவு மோசமில்லை. ஆனால் பணிவுக்கு எதிரே ஒருவர் வேண்டும், பெரும்பாலும் மேலே இருப்பவர். மேலதிகாரி அறையை விட்டுப் போனதும் பணிவும் போய்விடலாம். யூதாசின் காலையும் கழுவியவரை அந்தச் சொல்லால் அளக்க முடியாது.

சரி, ஏன் தாழ்மையை விட்டு ஓடுகிறார்கள்? இங்கே ஒரு நியாயமான காரணம் இருக்கிறது. எங்கள் பங்கில் மறைக்கல்வி எடுக்கும் ஒரு பெண் என்னிடம் கேட்டாள்: “சார், எங்க தாத்தாவை ஊர்ல தாழ்ந்த சாதின்னு ஒதுக்கி வச்சாங்க. அந்தச் சொல்லையே புண்ணியம்னு நான் எப்படிப் பிள்ளைங்களுக்குச் சொல்லித் தருவேன்?” பதில் சொல்ல எனக்கு ஒரு வாரம் பிடித்தது.

பதில் தமிழ் வினையிலேயே இருக்கிறது. தாழ்தல் வேறு, தாழ்த்துதல் வேறு. அவள் தாத்தா தாழ்ந்தவர் இல்லை, தாழ்த்தப்பட்டவர். அதற்குப் பின்னால் தாழ்த்தியவன் ஒருவன் இருக்கிறான், அது அவன் பாவம். பிலிப்பியர் 2:8 சொல்வது ‘தம்மைத் தாமே தாழ்த்தி’. மிதிபட்டுக் கிடப்பவரிடம் போய் இன்னும் தாழ்ந்திரு என்று பிரசங்கம் செய்ய அந்த வசனத்தில் இடமே கிடையாது. அப்புறம், கிரேக்கத்திலும் ‘தபெய்னோஸ்’ மதிப்பான சொல் அல்ல. எளியவரை, இழிவாக நினைக்கப்பட்டவரைக் குறித்த சொல். அந்தக் கடிதத்தை எழுதிய பவுல் அதைவிட நாகரிகமான சொல் ஒன்றைத் தேடிப் போகவில்லை. அந்தக் குத்தல் இருந்தால்தான் துண்டு கட்டிக்கொண்டவரின் செயல் எவ்வளவு பெரிது என்று தெரியும். தன்னடக்கத்தில் அது சுத்தமாகத் துடைக்கப்பட்டுவிடுகிறது.

இன்றைய மேடை மொழிபெயர்ப்பில் என் பெரிய குறையே இதுதான். காதுக்கு உறுத்தாத சொல் கிடைத்தால் போதும் என்று நினைக்கிறார்கள். ‘கிரேஸ்’ வந்தால் ஆசீர்வாதம், ‘மெர்சி’ வந்தால் அன்பு, எல்லாம் ஒரே கஞ்சி. வேப்பேரியில் இருந்து வேதாகமத்தைத் தமிழாக்கிய ஜெர்மன் மறைப்பணியாளர் ஃபப்ரிசியுஸ் 1742இல் சென்னைக்கு வந்து, 1791இல் இங்கேயே இறந்தார். நடுவில், 1779இல், ஓர் அகராதியும் அச்சிட்டார். ஒரு சொல்லுக்காகக் காத்திருக்கத் தெரிந்தவர்கள் அவர்கள். மேடையில் அவ்வளவு நேரம் கிடைக்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முந்தைய நாள் இரவு அன்றைய வாசகங்களைத் தமிழில் ஒருமுறை படித்துவிட்டு வரலாமே.

திருப்பலி முடிந்ததும் அந்த மொழிபெயர்ப்பாளரிடம் பேசினேன். “தாழ்மைன்னா ஜனங்க தாழ்வு மனப்பான்மைன்னு எடுத்துக்குவாங்களோன்னு பயம், அண்ணே” என்றார். செபமாலையில் மகிழ்ச்சி மறையுண்மை முதலாவதில் எந்த வரம் கேட்கிறோம் என்று கேட்டேன். “தாழ்ச்சி” என்று உடனே சொன்னார். சின்ன வயதில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கற்றதாம்.