தன்கா: சம்பளம் கழுவாயான கதை

தன்கா (பஞ்சாபி, பெயர்ச்சொல்): 1. சம்பளம். 2. சீக்கியர் வழக்கில், நெறி தவறியவர் சபை முன் தவற்றை ஒப்புக்கொண்டு ஏற்கும் கழுவாய். அதற்கு உள்ளானவர் தன்கையா.

2024 டிசம்பரில் இந்தச் சொல் செய்திகளில் அடிபட்டது. பஞ்சாபின் முன்னாள் துணை முதல்வர் சுக்பீர் சிங் பாதல் கழுத்தில் பலகை தொங்க, கையில் ஈட்டியுடன், சக்கர நாற்காலியில் அமிர்தசரஸ் பொற்கோயில் வாசலில் காவல் இருந்தார். பாத்திரம் கழுவும் பணியும் அவருக்கு விதிக்கப்பட்டிருந்தது. தம் கட்சி ஆட்சியில் நடந்த தவறுகளைச் சீக்கியரின் உச்ச சமய பீடமான அகால் தக்த் முன் ஒப்புக்கொண்டு அவர் ஏற்ற தன்கா அது.

சொல் பாரசீகம். ‘தன்’ என்றால் உடல், ‘குவாஹ்’ என்றால் வேண்டுவது. உடல் பிழைக்க வேண்டியது, அதாவது ஊதியம். வடமொழி வழியே நமக்கு வந்த ‘தனு’வுக்கு இந்தத் ‘தன்’ உறவு. இந்தியிலும் உருதுவிலும் இன்றும் தன்கா என்றால் மாதச் சம்பளம்தான்.

சம்பளம் எப்படித் தண்டமானது? முகலாயரிடம் கூலி வாங்கியவர்களைக் கால்சா (அமிர்தச் சடங்கு ஏற்ற சீக்கியரின் அமைப்பு) வீரர்கள் தன்கையா என்று ஏசினார்கள், அந்த ஏச்சே பிறகு நெறி தவறியவரைக் குறித்தது என்பது ஒரு விளக்கம். எனக்கு இன்னொன்றும் தோன்றுகிறது. கால்சாவினருக்கு ஒரு குறும்புப் பேச்சு உண்டு. வறுத்த கடலை அவர்களுக்குப் பாதாம், வெங்காயம் வெள்ளி, ஒற்றை ஆள் வந்தால் ஒன்றேகால் லட்சம் பேர் படை. பசியையும் பற்றாக்குறையையும் இப்படிச் சிரித்துக் கடந்தவர்கள், தண்டத்துக்குச் சம்பளம் என்று பெயர் வைத்திருந்தால் வியப்பில்லை.

தன்காவுக்குக் குருவே விலக்கில்லை என்கிறது சீக்கிய மரபு. ராஜஸ்தானின் நராயணா ஊரில் தாதூ தயாள் என்ற துறவியின் சமாதியைக் கண்ட பத்தாம் குரு கோவிந்த் சிங், அம்பைத் தாழ்த்தி வணக்கம் செலுத்தினாராம். சமாதியை வணங்கக் கூடாது என்று கற்பித்தவர் நீங்கள்தானே என்று சீடர்கள் மறித்தார்கள். உங்களைச் சோதிக்கத்தான் செய்தேன் என்று மகிழ்ந்து தண்டம் கட்டினார். மகாராஜா ரஞ்சித் சிங், மோரான் என்ற நடன மங்கையை மணந்ததற்காக அப்போதைய அகால் தக்த் தலைவர் அகாலி பூலா சிங்கின் அழைப்பை ஏற்றுக் கசையடிக்கு முதுகைக் காட்டி நின்றார் என்பதும் வழிவழியாகச் சொல்லப்படுவது.

நம் ஊருக்குத் தெரிந்த தன்கையா ஒருவர் உண்டு. 1991இல் தி.மு.க. ஆட்சியைக் கலைக்கப் பரிந்துரைக்க மறுத்த ஆளுநர் சுர்ஜித் சிங் பர்னாலா. பஞ்சாப் முதல்வராக இருந்தபோது 1986இல் பொற்கோயிலுக்குள் போலீசை அனுப்பியதற்காகப் பக்தர்களின் காலணிகளைத் துடைத்தவர் அவர். அகால் தக்தின் ஆணையை மீறியதற்காக 1988இல் கழுத்தில் பலகையோடு தூணில் கட்டப்பட்டு நின்றதும் அவரே.

இந்தக் காட்சிகளைப் பார்த்துவிட்டு ‘மதத் தண்டனை’ என்று மொழிபெயர்க்கத் தோன்றும். சீக்கிய நடைமுறை விதி அப்படிச் சொல்லவில்லை. தவறியவர் தாமாக வந்து கைகூப்பி நிற்க வேண்டும். விதித்ததைப் பற்றி வாதாடக் கூடாது. சபையும் மன்னிக்க மாட்டேன் என்று பிடிவாதம் பிடிக்கக் கூடாது. தன்கா ஏதாவதொரு தொண்டாக, குறிப்பாகக் கையால் செய்யும் தொண்டாக இருக்க வேண்டும். முடிந்ததும் அர்தாஸ் என்னும் வேண்டுதல். அத்தோடு கணக்குத் தீர்ந்தது.

தமிழில் இதற்குக் ‘கழுவாய்’ என்ற சொல் ஆயத்தமாக இருக்கிறது. ‘வழுவாய் மருங்கிற் கழுவாயும் உள’ என்கிறது புறநானூற்றின் 34ஆம் பாட்டு. பிராயச்சித்தம் என்றாலும் புரியும். ஆனால் அது பரிகாரப் பூசை, ஓமம் என்று நினைவை இழுத்துக்கொண்டு போய்விடும். தன்கா என்பதற்குக் கழுவாய்த் தொண்டு எனலாம். தன்கையாவைக் ‘குற்றவாளி’ என்பது தவறு. ‘கழுவாய்க்கு உரியவர்’ என்பதே பொருந்தும்.

சொல்லின் இன்றைய பயன்பாட்டில் ஒரு குறை உண்டு. அது அரசியல்வாதிகளைச் சுற்றியே வருகிறது. ஒரு தலைவரைக் கூப்பிட்டு நிறுத்துவது எளிது. 2001 கணக்கெடுப்பில் ஆறு வயது வரையிலான 1000 சீக்கியச் சிறுவர்களுக்கு 786 சிறுமிகளே இருந்தார்கள். பெண் கருவை அழிப்பவரைச் சமூகத்திலிருந்து விலக்க வேண்டும் என்று அதே ஆண்டு அகால் தக்த் ஆணையிட்டது. 2011இல் எண்ணிக்கை 828 ஆனது, போதாது. சாதிக்கொரு குருத்வாரா, சாதிக்கொரு சுடுகாடு வைத்திருக்கும் ஊர்களும் பஞ்சாபில் இருக்கின்றன. இவற்றுக்கெல்லாம் யார் கழுத்தில் பலகை மாட்டுவது? சீக்கியர் புனித நூலான குரு கிரந்த் சாகிபில் உள்ள, சூஃபி ஞானி ஷேக் ஃபரீதின் பாடல் இதற்கு வேறு வழி காட்டுகிறது: அறிவுக் கூர்மை உள்ளவன் பிறர்மேல் கரும்புள்ளி எழுத வேண்டாம், தலை குனிந்து தன் சட்டைக் கழுத்துக்குள் பார்க்கட்டும்.

‘பதித்’ என்ற சொல்லை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. முடி களைதல், புகையிலை, பிறன்மனை நயத்தல், ஹலால் முறையில் அறுத்த இறைச்சி ஆகிய நான்கில் ஒன்றைச் செய்தால், அமிர்தம் பெற்ற (கால்சாவில் சேரும் சடங்கை ஏற்ற) சீக்கியர் பதித் ஆவார். அவர் மீண்டும் அமிர்தம் பெற்றே திரும்ப முடியும். நம் பழைய கிறித்தவ நூல்களில் வரும் ‘பதிதர்’ இதே வடமொழி வேரில் பிறந்த சொல்தான், ஆனால் அங்கே பொருள் மாற்றுக் கொள்கையர். எனவே சீக்கியரைப் பற்றி எழுதும்போது ‘நெறியிலிருந்து வீழ்ந்தவர்’ என்று விரித்து எழுதிவிடுவது நல்லது.