லைசென்ஸ்-பெர்மிட்-கோட்டா ராஜ்: உரிமம் என்பது உரிமையா?

எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் தாத்தாவின் ரேடியோ லைசென்ஸ் புத்தகம் இன்னும் இருக்கிறது. உள்ளங்கை அகலம், நைந்துபோன அட்டை, உள்ளே வருடத்துக்கு ஒரு தபால் முத்திரை. சொந்தக் காசில் வாங்கிய ரேடியோவில், சொந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து செய்தி கேட்பதற்கு அரசிடம் ஆண்டுதோறும் பணம் கட்டி வாங்கிய அனுமதி அது. 1980களில்தான் அந்த முறை ஒழிந்தது. ‘லைசென்ஸ் ராஜ்’ என்ற சொல்லை எங்கே பார்த்தாலும் எனக்கு அந்தப் புத்தகம்தான் ஞாபகம் வரும்.

சொல்லின் முழு வடிவம் ‘லைசென்ஸ்-பெர்மிட்-கோட்டா ராஜ்’. அதை அரசியலில் புழங்கவிட்டவர் ராஜாஜி. 1959இல், எண்பது வயதில், காங்கிரஸுக்கு எதிராகச் சுதந்திராக் கட்சியைத் தொடங்கியபோது அவருடைய முக்கியமான ஆயுதம் இந்தச் சொல்தான். ஒரு தொழில் தொடங்க லைசென்ஸ், சரக்கு வாங்க பெர்மிட், மூலப்பொருளுக்குக் கோட்டா. இவற்றைத் தருபவனிடம்தான் உண்மையான ஆட்சி இருக்கிறது என்றார். வெள்ளைக்காரர் ஆட்சியைக் குறித்த ‘ராஜ்’ என்ற சொல்லைச் சுதந்திர இந்தியாவின் ஆட்சியோடு ஒட்டவைத்ததில்தான் அதன் சுருக்கென்ற குத்தல் இருக்கிறது.

1951ஆம் ஆண்டின் தொழில்கள் (வளர்ச்சி, ஒழுங்குமுறை) சட்டம் இந்த ஆட்சிக்கு அஸ்திவாரம். பட்டியலில் உள்ள தொழில் என்றால் புதிய ஆலை தொடங்க, இருக்கும் ஆலையை விரிவாக்க, புதுப் பொருள் ஒன்று தயாரிக்க, எல்லாவற்றுக்கும் டெல்லியின் அனுமதி வேண்டும். லைசென்ஸில் எழுதிய அளவைத் தாண்டி அதிகமாக உற்பத்தி செய்தால் அதுவே குற்றம். 1991 ஜூலை 24 அன்று வந்த புதிய தொழிற்கொள்கை, 18 தொழில்களைத் தவிர மற்றவற்றுக்கு இந்த லைசென்ஸ் வேண்டாம் என்றது.

சாதாரணக் குடும்பங்களுக்கு இது வேறு முகத்தில் தெரிந்தது. வீடு கட்ட சிமெண்ட் வேண்டுமா? மனுவோடு தாலுகா ஆபீஸ் வாசலில் நிற்க வேண்டும். எத்தனை மூட்டை என்பதை மேஸ்திரி முடிவு செய்ய மாட்டார், அதிகாரி முடிவு செய்வார். கல்யாணத்துக்குச் சர்க்கரை வேண்டுமென்றால் பத்திரிகையை இணைத்து ஒரு மனு.

சரி, சொற்களுக்கு வருவோம். ‘லைசென்ஸ்’ லத்தீன் மொழியின் ‘லிகேரே’ என்ற வினையிலிருந்து வந்தது. ‘செய்யலாம் என்று விடப்படுதல்’ என்பது அதன் பொருள். ‘பெர்மிட்’டின் மூலம் ‘பெர்மித்தெரே’, ‘கடந்துபோக விடு’ என்பது போல. ‘கோட்டா’ என்பது ‘எத்தனையாவது பங்கு’ என்ற கேள்வியில் பிறந்தது. மூன்று சொற்களிலுமே இன்னொருவர் கை இருக்கிறது: விடுகிற கை, அளந்து கொடுக்கிற கை.

கோட்டாவை ‘ஒதுக்கீடு’ என்று எழுதினால் இன்று குழப்பம் வரும். அந்தச் சொல் சமூகநீதிக்கான இட ஒதுக்கீட்டோடு பிணைந்துவிட்டது. இந்தச் சொல்லில் உள்ள கோட்டா அதுவல்ல; இரும்பு, இறக்குமதிச் சரக்கு, பத்திரிகைக் காகிதம் ஆகியவற்றை அரசு அளந்து கொடுத்த பங்கு. காகிதக் கோட்டாதானே என்று விட்டுவிட முடியாது. நாளிதழ்கள் 10 பக்கத்தைத் தாண்டக் கூடாது என்று 1972இல் அரசு வைத்த விதியை, கருத்துரிமைக்கு எதிரானது என்று அதே ஆண்டில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. காகிதத்தை அளக்கிற கை பேச்சையும் அளந்துவிடும். இதற்குப் ‘பங்களவு’ என்று எழுதலாம் என்பது என் யோசனை.

‘லைசென்ஸ்’ என்பதற்கு நாம் வைத்திருக்கும் சொல்தான் என்னை உறுத்துகிறது. ஓட்டுநர் உரிமம், வணிக உரிமம், உணவு உரிமம்... உரிமம் என்பது ‘உரி’ என்ற வேரில் கிளைத்த சொல். உரியது, உரியவர், உரிமை எல்லாம் அதே குடும்பம். உரிமை நம்மிடம் ஏற்கெனவே இருப்பது. யாரும் கொடுத்து வந்ததல்ல. லைசென்ஸோ கேட்டு வாங்குவது, காலம் முடிந்தால் புதுப்பிப்பது, கொடுத்தவர் ரத்தும் செய்யக்கூடியது. சொல்லின் முடிவில் மட்டும் சிறு வித்தியாசத்தோடு இரண்டையும் பக்கத்தில் வைத்துவிட்டோம். மனு எழுதிக் கேட்கிற ஒன்றுக்கு உரிமையின் சாயலைக் கொடுத்துவிட்டோம்.

இலங்கைத் தமிழர்கள் இதில் தெளிவாக இருக்கிறார்கள். அங்கே டிரைவிங் லைசென்ஸ் என்பது ‘சாரதி அனுமதிப்பத்திரம்’. அனுமதி என்று உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுகிறது. அனுமதி வடசொல் என்று தயங்குபவர்களுக்கு ‘இசைவு’ என்ற நல்ல தமிழ்ச் சொல் இருக்கிறது. என்னைக் கேட்டால் லைசென்ஸுக்கு ‘இசைவுப் பத்திரம்’, பெர்மிட்டுக்கு ‘இசைவுச் சீட்டு’, மொத்த ஏற்பாட்டுக்கும் ‘இசைவுச் சீட்டு ஆட்சி’.

எல்லா லைசென்ஸும் கெட்டது என்று நான் சொல்லவில்லை. பஸ் ஓட்டுபவருக்கும் பட்டாசு ஆலைக்கும் அது வேண்டும், அடுத்தவர் உயிர் சம்பந்தப்பட்டது. யாருக்கும் தீங்கில்லாத காரியத்துக்கும் கைகட்டி நிற்க வைப்பதுதான் வலி.

ராஜாஜியின் அரசியலையே இந்த அளவுகோலில் வைத்துப் பார்க்கலாம். 1952இல் சென்னை மாநில முதல்வரானதும் உணவு தானியக் கட்டுப்பாட்டை நீக்கினார். அரிசிக்கு ரேஷன் வரிசை போனது. பஞ்சம் வருமென்று பயந்தார்கள், வரவில்லை. அப்புறம் அதே ராஜாஜிதான் 1953இல் தொடக்கப் பள்ளியைப் பாதி நாளாக்கி, மீதி நேரம் பிள்ளைகள் வீட்டுத் தொழிலைப் பார்க்கட்டும் என்றார். குலக்கல்வி என்று மாநிலமே கொதித்தது. 1954இல் பதவி விலகினார், அடுத்து வந்த காமராஜர் திட்டத்தைக் கைவிட்டார். அரிசி வியாபாரியை நம்பி விலகி நின்ற அரசு, ஏழை வீட்டுப் பிள்ளையின் பாதையில் மட்டும் குறுக்கே வந்து நின்றது. அந்தக் கோபம் நியாயமானது என்றே நினைக்கிறேன்.

இப்போது தமிழ்நாட்டில் இன்னொரு சொல் புழக்கத்துக்கு வந்திருக்கிறது: ‘சுயசான்று’. 2024 முதல், 2,500 சதுர அடிக்குள் உள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டுபவர், விதிப்படிதான் கட்டுகிறேன் என்று தானே சான்றளித்து ஆன்லைனில் உடனடியாக அனுமதி பெறலாம். கட்டணம் உண்டு, விதி உண்டு, மீறினால் நடவடிக்கையும் உண்டு. ஆனால் அரசு முதலில் உங்கள் வார்த்தையை நம்புகிறது. சிமெண்ட் மூட்டைக்கு மனு எழுதிய தலைமுறை அகராதியில் இந்தச் சொல் இல்லை.