ஜெல் மெழுகுவர்த்தி: சொல் விளக்கம்

கண்ணாடிக் கோப்பையின் அடியில் மணல், அதற்கு மேல் சங்கும் சிப்பியும், சுற்றிலும் இளநீலத் தெளிவு, நடுவில் ஒரு திரி. பரிசுப்பொருள் கடையில் ஜெல் மெழுகுவர்த்தி என்று கேட்டால் இதைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். பெயரில் மெழுகு இருக்கிறது. கோப்பைக்குள் பொதுவாக மெழுகே கிடையாது.

உள்ளே இருப்பதில் பெரும்பங்கு கனிம எண்ணெய். பெட்ரோலியத்திலிருந்து எடுத்துத் தூய்மையாக்கிய, நிறமும் மணமும் இல்லாத எண்ணெய். பேபி ஆயில் இந்த இனம்தான். அதில் சிறிதளவு பாலிமரை, அதாவது ரப்பர் போல நீண்ட சங்கிலி மூலக்கூறுகளாலான பொருளை, கலந்து சூடாக்கி ஆறவிட்டால், பாலிமர் வலையாகப் பின்னி எண்ணெயை ஓடவிடாமல் பிடித்துக்கொள்ளும். இது 1990களில் அமெரிக்காவில் பரவலான சரக்கு.

ஜெல் என்ற சொல் ஜெலட்டினிலிருந்து வந்தது. அதன் வேர் லத்தீனில் ‘உறைதல்’ என்று பொருள்படும் சொல். 19ஆம் நூற்றாண்டில் கூழ்மங்களை, அதாவது பால், பசை போன்ற நுண்துகள் கலவைகளை, ஆராய்ந்த ஸ்காட்லாந்து வேதியியலாளர் தாமஸ் கிரஹாம் வழியாக அது அறிவியலுக்குள் வந்தது. தமிழிலும் பனி உறைகிறது, தயிரும் உறைகிறது. வேதியியல்படி தயிரும் ஒரு ஜெல்தான்!

வர்த்தி வடசொல், விளக்குத்திரி என்று பொருள். ஊதுவத்தியில் உள்ள வத்தியும் அதுவே. திரி தமிழ்ச்சொல், பஞ்சைத் திரிப்பதால் திரி. இலங்கைத் தமிழர் மெழுகுதிரி என்றே சொல்கிறார்கள்.

சரி, ஜெல்லுக்குத் தமிழ் என்ன? கலைச்சொல்லாகக் ‘களி’ உண்டு. ஆனால் களிவிளக்கு என்றால் கேழ்வரகுக் களியோ திருவாதிரைக் களியோதான் முதலில் நினைவுக்கு வரும். ‘இழுது’ அழகான பழஞ்சொல், நெய்யையும் வெண்ணெயையும் குறித்தது; இன்று விளக்கம் சொல்லாமல் புரியாது. என் தேர்வு ‘உறையெண்ணெய் விளக்கு’. திரி எண்ணெயை உறிஞ்சி எரிவதால் விளக்கு என்பதே பொருந்தும். கடையில் கேட்க ஜெல் மெழுகுவர்த்தியே போதும்.

உள்ளே வைக்கும் பொருள்களுக்குப் புதுச்சொல் தேட வேண்டாம். கல் பதித்த மோதிரம் என்கிறோம், அதேபோல் சிப்பி பதித்த விளக்கு. பதிபவை தீப்பிடிக்காதவையாக இருக்க வேண்டும்: கண்ணாடிக் கோலி, கூழாங்கல், சங்கு, பீங்கான் பொம்மை. உலர்பூவும் பிளாஸ்டிக் மீனும் படத்தில் அழகாக இருக்கும்; திரிக்குப் பக்கத்தில் வந்தால் பற்றிக்கொள்ளும். எதையும் திரியை விட்டுத் தள்ளி, கண்ணாடி ஓரமாக வைப்பதே முறை. சங்கின் வளைவுக்குள் காற்று தங்கும். அப்படியே வைத்து ஊற்றினால் குமிழிகள் கிளம்பிக்கொண்டே இருக்கும். அதனால் முதலில் உருகிய ஜெல்லில் சங்கை முக்கி எடுத்துவிடுவார்கள்.

மெழுகு என்ற பெயரை நம்பிக் கையாள்வதில்தான் சிக்கல். சாதாரண மெழுகுவர்த்தியில் உள்ள பாரஃபின் மெழுகு பெரும்பாலும் 50 முதல் 65 டிகிரி செல்சியஸுக்குள் உருகிவிடும்; ஜெல்லை ஊற்ற 90 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். மெழுகுக்கென்று வாங்கிய எல்லா வாசனை எண்ணெயும் இதில் கலந்துவிடும் என்று சொல்ல முடியாது. சில கலங்கலாகும், சில பிரிந்து நிற்கும். பிரிந்து நிற்கும் வாசனை எண்ணெய் எரியும்போது குபீரென்று பற்றவும் கூடும். ‘ஜெல்லுக்கு ஏற்றது’ என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். தப்பித்தவறி மேற்பரப்பு முழுதும் பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றக் கூடாது, எரிவது எண்ணெய். உலோக மூடியால் மூடி அணைக்க வேண்டும்.