செலுத்துவாங்கி அன்று, மறுபரப்பி

தொலைத்தொடர்பின் புதிய உத்திகளை விண்ணிலேயே சோதித்துப் பார்க்கும் செயற்கைக்கோள்களைப் பற்றி எழுதுவோர், டிரான்ஸ்பாண்டர் (வரும் அலையை வாங்கித் திருப்பி அனுப்பும் கருவி) என்ற சொல் எதிர்ப்பட்டதும் 'செலுத்துவாங்கி' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அண்மையில் மெய்ப்புப் பார்க்க வந்த கட்டுரையில் ஒரே பக்கத்தில் நான்கு இடங்களில் அதை அடித்துத் திருத்த வேண்டியிருந்தது.

டிரான்ஸ்மிட்டர், ரெஸ்பாண்டர் இரண்டும் ஒட்டிப் பிறந்த சொல் அது. இரண்டாம் உலகப் போரில், ரேடாரின் வினாவுக்குத் தானாக விடையளித்துத் தன் தரப்பு விமானம் என்று காட்டிக்கொண்ட கருவிகளின் வழி வந்தது.

செயற்கைக்கோளில் அதன் வேலை வேறு. 1981 ஜூன் 19 அன்று ஏவப்பட்ட இந்தியாவின் 'ஆப்பிள்' சோதனைச் செயற்கைக்கோளில் சி-பட்டை என்னும் அலைவரிசையில் இயங்கும் டிரான்ஸ்பாண்டர்கள் இரண்டு இருந்தன. இத்தகைய கருவி, தரையிலிருந்து சுமார் 6 கிகாஹெர்ட்சில் மெலிந்து வந்து சேரும் அலையை வாங்கி, 4 கிகாஹெர்ட்சுக்கு மாற்றி, பெருக்கித் திருப்பி அனுப்பும். அதிர்வெண்ணை மாற்றாவிட்டால், அனுப்பும் வலிய அலை வரும் மெல்லிய அலையை அமுக்கிவிடும்.

'செலுத்துவாங்கி' இதில் எதையும் சொல்லவில்லை. செலுத்தவும் வாங்கவும் வல்லது என்பதே பொருளென்றால், அது காவலர் கையில் வைத்திருக்கும் வாக்கிடாக்கிக்கே பொருந்தும். அந்த டிரான்சீவருக்கு அப்பெயரை விட்டுக்கொடுப்பதில் எனக்குத் தடையில்லை. இலக்கணப்படி பார்த்தாலோ இன்னும் மோசம்: சுடுநீர் நீர்தான், ஓடுபாதை பாதைதான் என்னும்போது, வினைத்தொகையாக நிற்கும் செலுத்துவாங்கியும் ஒரு வாங்கியாகத்தான் முடிகிறது. வாங்கியதையே அனுப்புகிறது என்ற தொடர்பு, கருவியின் உயிரான அந்தத் தொடர்பு, சொல்லில் எங்கும் இல்லை. உறுப்புகளை எண்ணிப் பெயர் சூட்டும் மொழிபெயர்ப்பாளர்கள் வேலையைப் பார்க்க மறந்துவிடுகிறார்கள். அதற்கு டிரான்ஸ்பாண்டர் என்றே எழுதிவிடலாம், தவறான தமிழைவிட அது நேர்மையானது.

வாங்கியதை மீண்டும் பரப்புவதால் நான் அதை 'மறுபரப்பி' என்கிறேன். 1993இல் டிஸ்கவரி விண்ணோடம் கொண்டுசென்ற நாசாவின் ஏக்ட்ஸ் செயற்கைக்கோளைக் காட்டி இதை மறுப்போர் உண்டு. அதிலிருந்த செயலி, 30 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் வந்த அலையை உள்ளேயே எண்ணிமத் துணுக்குகளாக (டிஜிட்டல் பிட்களாக) பிரித்து, எந்தக் கற்றையில் போக வேண்டுமென்று முடிவுசெய்து, புதிதாக அலையேற்றி 20 கிகாஹெர்ட்ஸில் அனுப்பியது. அது வெறும் மறுபரப்பல் அன்று என்பது சரிதான். ஆனால் அதை வடிவமைத்தவர்களே அந்தப் பகுதியை டிரான்ஸ்பாண்டர் என்று சொல்லாமல் செயலி என்றுதான் அழைத்தார்கள். அலையை உள்ளேயே புதிதாக ஆக்கி அனுப்பும் அந்தச் செயலிக்கு 'மீளாக்கி' போதும். வினவினால் மட்டும் விடை சொல்லும் விமானக் கருவியை 'விடையனுப்பி' என்போம்.