இடைமுகமா, இடைப்பரப்பா?

ஒரு வேதியியல் பேராசிரியரைப் பற்றிய அறிமுகக் குறிப்பின் தமிழாக்கத்தைப் பிழை திருத்தக் கொடுத்திருந்தார்கள். 'உயிர்ப்பகுப்பாய்வு, இடைமுக வேதியியல் ஆகிய துறைகளில் ஆய்வு செய்தவர்' என்று இருந்தது. பக்கத்திலிருந்து படித்த நண்பர், "கணினித் துறையிலும் இருந்தாரா?" என்று கேட்டார். அவர் மேல் தப்பே இல்லை. வேதியியலுக்குள் இந்த இடைமுகத்தை எத்தனை முறைதான் பார்ப்பது!

இடைமுகம் என்பது இன்டர்ஃபேஸ் என்ற ஆங்கிலச் சொல்லின் தமிழாக்கம். இன்டர் என்றால் இடை, ஃபேஸ் என்றால் முகம். இரண்டு பொருள்கள் தொட்டுக்கொள்ளும் பொது எல்லையைக் குறிக்கப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஆங்கிலத்தில் புழங்கத் தொடங்கிய சொல். கணினிக்காரர்கள் அதை எடுத்துக்கொண்டது பல பத்தாண்டுகள் கழித்துத்தான். நாமோ இளைய பொருளுக்குச் செய்த தமிழ்ச்சொல்லை மூத்த பொருளின் தலையில் கட்டுகிறோம்.

கணினியில் இடைமுகம் சரி. பயனருக்கு முகம் காட்டும் திரை அது. "கழிமுகம் என்கிறோமே, இரண்டு நீர் சேரும் இடம்தானே, இடைமுகமும் அப்படித்தான்" என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். கழிமுகத்தில் முகம் என்பது வாய், நுழைவழி. ஒரு கண்ணாடிக் குவளையில் தண்ணீரை ஊற்றி அதன்மேல் எண்ணெயை ஊற்றிப் பாருங்கள். நடுவில் தெரியும் கோட்டுக்கு வாயும் இல்லை, வழியும் இல்லை. பக்கவாட்டில் கோடாகத் தெரிந்தாலும் அது பரந்து கிடக்கிறது. பர என்ற வினையிலிருந்து வந்த பரப்புதான் அதற்குப் பெயர். இடையில் இருப்பதால் இடைப்பரப்பு. பரப்பு இழுவிசையைப் பள்ளியிலேயே படித்த மாணவருக்கு இடைப்பரப்பு இழுவிசை உடனே பிடிபடும். 'இடைமுக இழுவிசை' என்றால் அந்த உறவே அறுந்துபோகிறது.

அப்புறம், மேற்பரப்பு வேதியியல் என்றாலே போதாதா என்பவர்கள். போதாது. சர்க்கரை அளவு பார்க்கும் பட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். மின்முனைமேல் நொதி இருக்கிறது, அதன்மேல் ஒரு துளி ரத்தம். குளுக்கோசிலிருந்து வரும் எலக்ட்ரான் கைமாறுவது மின்முனையும் கரைசலும் தொடும் இடத்தில். அங்கே இரண்டு பக்கமும் சேர்ந்துதான் வினை நடக்கிறது. 'மேல்' என்றால் ஒரு பக்கத்தை விட்டுவிடுகிறோம். இந்தத் துறைக்காரரின் வாழ்நாள் உழைப்பே அந்தத் தொடும் இடத்தின் சில நானோமீட்டரில்தான்: தங்கப் படலத்தின்மேல் ஒரே மூலக்கூறு தடிமனுக்கு அடுக்கு அமைப்பது, அதில் எதிர்ப்பொருளை (ஆன்டிபாடி) பொருத்துவது, வேண்டாத புரதம் வந்து ஒட்டாமல் காப்பது. அதற்கு மொழிபெயர்ப்பாளர் தருவது கணினிச் சொல்பட்டியலில் முதலில் கிடைத்த வார்த்தை!

இது சோம்பல், வேறொன்றுமில்லை. அதே குறிப்பில் 'தாங்கல் தீர்வு' என்றும் இருந்தது. அமில, கார அளவு எளிதில் மாறாமல் காக்கும் 'பஃபர் சொல்யூஷன்' என்ற கரைசலைத்தான் சொல்கிறார்கள். ஆங்கிலத்தில் தீர்வுக்கும் கரைசலுக்கும் சொல்யூஷன் என்ற ஒரே சொல். சிக்கலுக்குத்தான் தீர்வு, உப்பு நீரில் கரைந்தால் கரைசல். சொல்லை மாற்றும் முன் அது எந்தப் பொருளைக் குறிக்கிறது என்று ஒரு நிமிடம் பார்த்திருக்க வேண்டாமா?

இடைமுகம் வந்த நான்கு இடங்களிலும் இடைப்பரப்பு என்று மாற்றி, தீர்வைக் கரைசலாக்கி அனுப்பியிருக்கிறேன்.