கரட்டில் கூப்பிடுவது முனி இல்லை

இந்தக் குளிர்காலத்தில் என் சிகிச்சை மேசைக்கு வந்த மூன்றாவது கொம்பன் ஆந்தை அது. இடது இறக்கையின் மேல் எலும்பு உடைந்து, தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே நின்றது. "கரட்டுல முனி அழுவுதுன்னு பசங்க கல்லெறிஞ்சிட்டாங்க சார்" என்றார் தூக்கிவந்த இளைஞர். அந்த எலும்புக்குள் காற்றுதான் இருக்கும்; வெளியே வந்து காய்ந்துவிட்டால் ஒட்டுவது அரிது. மூன்றில் ஒன்றுகூட மறுபடி பறக்கவில்லை.

முனி அழுதால் ஊரில் சாவு விழும் என்ற பேச்சைத்தான் என்னால் பொறுக்கவே முடியவில்லை. பாறைக் குன்றும் கரடும்தான் இந்த ஆந்தைக்கு வீடு. அடித்தொண்டையில் 'பூ...போ' என்று துணையைக் கூப்பிடும். நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை முட்டையிட்டுக் குஞ்சு வளர்க்கும் காலம், அதனால் சத்தம் கூடுதல். மார்கழி ராத்திரியில் ஊர் அடங்கியபின் பாறையில் மோதி நம் வாசல்வரை வரும். சரி, அதை யார் கேட்கிறார்கள்? விழித்திருப்பவர்கள். வீட்டில் ஒருவர் முடியாமல் படுத்திருந்தால்தானே விடிய விடிய விழித்திருக்கிறோம்? போன வாரமும் அது கூப்பிட்டது, எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தோம். பெரியவர் இறந்த வாரத்துச் சத்தம் மட்டும் நினைவில் நிற்கிறது.

'டார்ச் அடித்தோம், தலை முதுகுப்பக்கம் திரும்பியது' என்பார்கள். ஆந்தையின் கண் குழிக்குள் அசையாது, கழுத்தைத்தான் திருப்பியாக வேண்டும். கேரளத்தில் காலன்கோழி என்று பயப்படுவதும் ஓர் ஆந்தையைத்தான்.

இந்த மாதங்களில் கரட்டுக்குக் கல்லோடும் பட்டாசோடும் போகாதீர்கள். பாறை இடுக்கில், வெறும் மண்ணில்தான் முட்டை கிடக்கும்; ஆடு மேய்ப்பவர்கள் கண்டால் மந்தையைத் தள்ளி ஓட்டுங்கள். அடிபட்ட பறவையின் வாயில் தண்ணீர் ஊற்றவே ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். நகம் கையைக் கிழிக்கும், அதனால் தடித்த துண்டைப் போர்த்தித் தூக்குங்கள். ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் இருட்டாக வைத்து வனத்துறைக்குச் சொல்லுங்கள். வீட்டில் வைத்து வளர்க்க நினைக்காதீர்கள், 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். உங்கள் கடலைக்காட்டு எலிகளைத் தின்னும் பறவை அது.

கல்லெறிந்த பையன்களுக்குப் பன்னிரண்டு வயதுகூட இருக்காதாம். பாட்டிமார்களே, இன்று ராத்திரி சத்தம் கேட்டால் அவர்களைத் திண்ணையில் பக்கத்தில் உட்காரவைத்து, "அது ஆந்தைடா கண்ணு" என்று சொல்லுங்கள்.